எந்தச் செங்கோட்டை? வேற்றுமை உருபு வழி ஓர் ஆய்வு

செங்கோட்டை என்ற பெயரை இருவர் ஆண்டு அனுபவித்து வருகின்றனர். ஒன்று, டெல்லியில் ஷாஜகான் 1639-இல் தொடங்கி 1648-இல் முடித்த செம்மணற்கல் கோட்டை. மற்றது, தென்காசி மாவட்டத்தில் குற்றாலச் சாரல் எட்டும் தூரத்தில் உள்ள ஊர்.

இரண்டையும் பிரித்தறியப் பெரும்பாலும் வேற்றுமை உருபே போதும். ‘செங்கோட்டையில்’ என்று ஏழாம் வேற்றுமையில் வந்தால் டெல்லி. பக்கத்திலேயே ஒரு பிரதமரும் ஒரு கொடியும் தென்படுவார்கள். அங்கே நேரு முதலில் கொடியேற்றியது 1947 ஆகஸ்ட் 16-இல். 15 என்று சத்தியம் செய்வோரே அதிகம். ‘செங்கோட்டைக்கு’ என்று நான்காம் வேற்றுமை வந்தால் தென்காசிப் பக்கம். எழும்பூரில் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறும் மூட்டை முடிச்சுகளே இதற்குச் சான்று. ‘செங்கோட்டைக்காரர்’ என்பதில் ஐயத்துக்கே இடமில்லை. ஷாஜகானை எவரும் அப்படி அழைத்ததில்லை. 1911-இல் மணியாச்சியில் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர். நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவும் அவ்வூரே, அவர் பெயரின் ‘எஸ்’ செங்கோட்டைதான்.

விதிக்கு ஒரு விலக்கு உண்டு. ‘செங்கோட்டையில பரோட்டா தின்னோம்’ என்பதிலும் ஏழாம் வேற்றுமைதான். ஆனால் டெல்லி நினைவுக்கு வருவதில்லை. வாழையிலையில் பிய்த்துப் போட்டு, சால்னாவில் ஊறிக் கிடக்கும் பரோட்டாவின் முன் இலக்கணம் நிற்பதில்லை. அருகே பிரானூரில் அதற்குப் ‘பார்டர் பரோட்டா’ என்று பெயர். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. எல்லை பிரானூரை ஒட்டிப் போயிற்று. பிறகு எல்லை மேற்கே புளியரைக்கு அப்பால் போய்விட்டது. ‘பார்டர்’ மட்டும் இடம் பெயரவில்லை.

கொங்கு நாட்டில் வழங்கும் செங்கோட்டையன் என்ற பெயரில் கோட்டையே இல்லை. செங்கோடு + ஐயன் என்று பிரிக்க வேண்டும்; இங்கே கோடு என்பது மலைமுகடு. திருச்செங்கோட்டு முருகனும் செங்கோட்டு வேலவர்தான். பழந்தமிழ்ச் செங்கோட்டியாழில் கோடு என்பது யாழின் தண்டு. அதற்கு நரம்பு 7; பேரியாழுக்கோ 21.

நெல்லைச் சீமையில் கோட்டை என்பது நெல் அளவும்கூட: 21 மரக்கால். இந்த இரண்டு 21-களையும் முடிச்சுப் போட்டு ஒரு முனைவர் பட்டம் வாங்கிவிடலாம். ஆனால் இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.