பல்லைப் பிடித்துப் பார்

வாய்யா மருமவனே, கம்ப்யூட்டர் கட்டப் போறியாம்ல. ரிச்சி ஸ்ட்ரீட்டுல ஒரு கேபினெட்டப் பாத்து சொக்கிப்போயி போட்டோ அனுப்பிருக்க. பாத்தேன். ஒரு பக்கம் பூராக் கண்ணாடி, முன்னால நாலு ஃபேனு, நாலுலயும் கலர் லைட்டு. போதாததுக்கு, "எஸ்எம்பிஎஸ்ஸும் உள்ள மாட்டியே தாரான் மாமா, இனாம்"னு வேற எழுதிருக்க.

தானம் குடுத்த மாட்டைப் பல்லப் புடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. வாஸ்தவந்தான். ஆனா இது தானமில்லய்யா, விலையிலயே ஏத்தி வச்சிருக்கான். நல்லா வாயத் தொறந்து பாரு.

பல்லு எஸ்எம்பிஎஸ் மேல ஒட்டின ஸ்டிக்கர்ல இருக்கு. பெருசா 450ன்னு போட்டிருக்கானே, பக்கத்துல வாட்டுன்னு ஒரு வார்த்தை இருக்கா? இருக்காது. அது பேரு. நம்மூருல ராசான்னு பேரு வச்சவனெல்லாம் நாடா ஆளுதான்?

கீழ பொடி எழுத்துல ஒரு கட்டம் இருக்கு பாரு. கண்ணாடியப் போட்டு உன் போட்டோவுலயே படிச்சிட்டேன். 3.3 வோல்ட்டுல 20 ஆம்பியர், அது 66 வாட். 5 வோல்ட்டுல 22, அது 110. 12 வோல்ட்டுல 14, அது 168. சில்லறை வரிசையெல்லாம் சேத்தாலும் 360 தான். பாக்கி 90 வாட் ஸ்டிக்கர் அடிச்சவன் எழுதுன மொய்.

அந்த 360-லயும் உனக்கு ஆவுறது 12 வோல்ட் வரிசை மட்டுந்தான். பென்டியம் 3 காலம் வரைக்கும் பிராசஸர் 5 வோல்ட்டுல கரண்டு இழுத்துச்சு. 2000-ல பென்டியம் 4 வந்ததும் 12-க்கு மாறிட்டு. இந்த எஸ்எம்பிஎஸ் செஞ்சவனுக்கு மட்டும் சேதி இன்னும் போய்ச் சேரல. நீ வாங்கப்போற ஆர்டிஎக்ஸ் 3060 ஒண்ணுக்கே 170 வாட் வேணும். இங்க மொத்த இருப்பே 168. பிராசஸருக்கு நீ பக்கத்து வீட்டுல வயரு இழுத்தாத்தான் உண்டு.

மோட்டாருக்கு காயில் கட்டிப் பொழச்ச கையி, அதனால இன்னும் ரெண்டு சொல்லுதேன். வயர் மேல பொடி எழுத்துல 18, 20, 22ன்னு ஒரு நம்பர் இருக்கும். நம்பர் ஏற ஏற கம்பி சூம்பும். 18 இருந்தா எடு. பின்னாடி 115, 230ன்னு செவப்பு சுவிட்சு இருந்தா, அது ஆக்டிவ் பிஎஃப்சி இல்லாத பழைய சரக்கு. யாராச்சும் வெளாட்டா 115-ல தள்ளிவிட்டு பிளக்கச் சொருகினா டப்புனு ஒரு சத்தம், அப்புறம் கருகின வாடை. நம்மூரு கரண்டப் பத்தி உனக்கு நான் சொல்லணுமா? நின்னு யூபிஎஸ்ஸுக்கு மாறுத அந்தக் கண்ணிமைக்கிற நேரத்தை உள்ள இருக்கிற கெப்பாசிட்டர் தாங்கணும். அது சின்னதா இருந்தா, யூபிஎஸ் வாங்கின காசும் தண்டம். படக்குனு அணைஞ்சு மறுபடி மொதல்லேருந்து எந்திரிக்கும்.

கேபினெட்டக் கொறை சொல்ல மாட்டேன். விலைக்குத் தக்கன தகரம். பக்கப் பலகைய ரெண்டு கையால புடிச்சு லேசா முறுக்கிப் பாரு, சத்தத்துலயே கனம் தெரிஞ்சிரும். உள் விளிம்புல வெரல வச்சுப் பாரு, அறுத்தா எடுக்காத. ஃபேனுக்கு முன்னால கண்ணாடிய வச்சு மூடிட்டான்னா காத்து எப்பிடிய்யா உள்ள போவும்? சல்லடை வச்ச முகப்பா எடு, அழகில்லன்னாலும் மூச்சு விடும்.

உங்க சித்தப்பா கடைக் கணக்குக்கு ஒரு பொட்டி கேட்டாருல்ல, அதுல கிராபிக்ஸ் கார்டும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. அதுக்கு இந்த இனாமு காலந்தள்ளிரும். உன் பொட்டிக்கு எஸ்எம்பிஎஸ் இல்லாத கேபினெட்டா கேளு. மிச்சத்துல 80 பிளஸ் முத்திரை போட்ட 550 வாட்டா தனியா வாங்கு. அதுலயும் 12 வோல்ட்டு வரிசையப் படிச்சுட்டுத்தான் காச நீட்டணும்.

கூடுதல் காசுக்கு உங்கம்மாட்ட என்ன சொல்லுவியோ, அது உன் சாமர்த்தியம். மாமா சொன்னாருன்னு மட்டும் சொல்லிராத. போன தீவாளிக்கு நான் சொல்லி வாங்குன மிக்ஸிக்கே இன்னும் பேச்சு வாங்கிட்டிருக்கேன்.