மயிலைக் காளையும் மாப்ளெ போட்ட பட்டியலும்

வா கண்ணு, இப்பிடி அப்பிச்சி பக்கத்துல உக்காரு. உங்கப்பா டோக்கன் வாங்கி வர்றதுக்கு இன்னங் கால் மணி நேரமாகும், வரிசை அத்தாச்சோடு நிக்குது. இந்த ஃப்ளஷிங் புள்ளையார் கோயிலுக்கு 1977-லயே கும்பாபிசேகம் ஆயிருச்சாமா. மேல சாமி கும்புட வர்ற கூட்டம் எச்சா, கீழ கேன்டீனுக்கு வர்ற கூட்டம் எச்சான்னு அந்தப் புள்ளையாருக்குத்தான் வெளிச்சம்.

நான் ப்ளேன் ஏறி வந்து மூணு மாசமாச்சு. வந்த நாளா உங்கூட்டுல வேற பேச்சே இல்லெ. ஸ்டைவசன்ட்டா, பிராங்ஸ் சயின்ஸா, புரூக்ளின் டெக்கா? மொதல்ல ஏதோ சம்பந்தம் பேசறாங்கன்னு நெனச்சுட்டேன். பதிமூணு வயசுப் புள்ளைக்கு மூணு வரனான்னு உங்கம்மாகிட்டச் சண்டைக்கே போயிட்டேன். அப்பறந்தான் பள்ளிக்கொடம்னு தெரிஞ்சுது. சம்பந்தமா இருந்தா ஜாதகம் பொருந்துலீன்னு சாக்காவது சொல்லலாம். இதுல அதுக்கும் வழியில்லெ. மூணு மணி நேரப் பரீட்சை, கால்குலேட்டரைத் தொடக்கூடாது. இந்த நியூயார்க்குல எனக்குப் புடிச்ச ஒரே சட்டம் அதுதான். சந்தையில நாலு மாட்டு வெலையை நான் மனசுலயே கூட்டறப்பச் சிரிச்சீங்கல்ல, இப்ப நீயும் கூட்டு!

வருசம் இருவத்தஞ்சாயிரம் புள்ளைக எழுதி, நாலாயிரம் பேருக்குத்தான் எடமாமா. இங்கெ சாப்பட வர்ற அப்பனுக இதைப் பேசறதைப் பாத்திருக்கறயா? சந்தையில துண்டுக்கடியில வெரலைப் புடிச்சு வெல சொல்ற தரகனுக மாதிரியே இருக்கும். "உங்க பையனுக்கு மாதிரிப் பரீட்சையில எவ்வளவுங்க?"ன்னு கேட்டா, நெசத்தைச் சொல்ற ஒருத்தனை இன்னும் நான் பாக்குலெ.

நான் வாலிபத்துல கண்ணபுரஞ் சந்தையில ஒரு மயிலைக் காளை வாங்குனேன். பேருபோன பட்டியில பொறந்ததுன்னு தரகன் சொன்னான். கொம்பு ரெண்டும் கோபுரக் கலசம் மாதிரி. சொக்கிப் போயிட்டேன். பல்லுப் புடிச்சுப் பாக்குலெ, சுழி பாக்குலெ, பத்தடி நடத்திக்கூடப் பாக்குலெ. ஓட்டியாந்து கவலையில பூட்டுனா, வாரியில முன்னால சரசரன்னு எறங்குது, பின்னால ஏற மாட்டேங்குது. பொறந்த பட்டியோட பேரைச் சொன்னாத் தண்ணி மேல வருமா? உங்க அமுச்சி ஒரு மாசம் எங்கூடப் பேசுலெ.

இப்ப உங்கப்பா பேசறதைக் கேளு. பிராங்ஸ் சயின்ஸ்ல படிச்சவங்க ஒம்பது பேரு நோபல் பரிசு வாங்கியிருக்கறாங்களாமா. ஸ்டீவன் வெயின்பெர்க், ஷெல்டன் கிளாஷோன்னு ரெண்டு பேரு, 1950-ல ஒண்ணா அங்கெ படிப்பை முடிச்சு, 1979-ல ஒரே பரிசைப் பங்கு போட்டுக்கிட்டாங்க. மூணாவது பங்கு அப்துஸ் சலாமுக்கு. நல்ல சேதிதான், நானும் கை தட்டுனேன். ஆனா அந்த அப்துஸ் சலாம் எந்த பிராங்ஸுக்கு ரயிலேறிப் போனாரு? அவரு பஞ்சாபுல ஜங் பக்கத்துப் பையன். இதைய நான் கேட்டதுக்கு உங்கப்பா, "மாமா, உங்களுக்குத் தூக்கம் வருதுங்க"ன்னு வெளக்கை அணைச்சுட்டாரு.

கொம்பு பாத்தாச்சு, நடையைப் பாக்கலாம். ஸ்டைவசன்ட்டுக்கு இங்கிருந்து ஏழாம் நம்பர் ரயிலேறி டைம்ஸ் ஸ்கொயர்ல மாறி சேம்பர்ஸ் தெருவுல எறங்கோணும். ஒரு மணி நேரம். ஆத்தோரமா 1992-ல கட்டுன பத்து மாடி, உள்ளுக்குள்ளயே எஸ்கலேட்டர். நீச்சல் தெரியோணும்னும் ஒரு விதி வெச்சிருக்கறாங்க. இது எனக்கு ரொம்பப் புடிச்சுது. எங்க காலத்துல முதுகுல சொரப்புருடையைக் கட்டிக் கெணத்துல தள்ளி உடுவாங்க. மூணாம் நாள் நீந்திருவோம். பிராங்ஸ் சயின்ஸுக்கு அதே ரயில்ல கிராண்ட் சென்ட்ரல் போயி, நாலாம் நம்பர்ல மாறி வடக்க ஏறோணும், இன்னும் தூரம். அதுக்கோசரம் இந்தப் பக்கத்து அப்பனுக காசு போட்டுத் தனி பஸ்ஸே புடிக்கறாங்க. புரூக்ளின் டெக்குல ஆறாயிரம் புள்ளைக. எங்க ஊர்த் தேர்நோம்பிக்கே அவ்வளவு சனம் வராது. ஆனா கூட்டம் எச்சா இருந்தா உனக்கொத்த கிறுக்கு ரெண்டு பேராவது கெடைப்பாங்க, அதையும் ரோசிச்சுப் பாரு.

ஒருத்தரும் வாயெடுக்காத ஒண்ணு இருக்குது. ஜமைக்காவுல யார்க் காலேஜுக்குள்ள குயின்ஸ் சயின்ஸ் பள்ளிக்கொடம். 2002-ல தொறந்தது, சுமாரா 500 புள்ளைக. இதே பரீட்சைதான். வாசல்ல பஸ் ஏறுனாப் போயரலாம். அங்கெ ஏன் பேச்சே இல்லீன்னு கேட்டா உங்கம்மா சொல்றா, "ஊர்ல சொன்னா ஒருத்தருக்கும் தெரியாதுங்கப்பா." ஊர்ல ஸ்டைவசன்ட்டுன்னு சொன்னா மட்டும் என்ன தெரியும்? ஏதோ சீமைப் பசு பேருன்னு நெனைப்பாங்க.

எந்தப் பள்ளிக்கொடம் மொதல்ல, எது அடுத்ததுன்னு உங்கப்பா எழுதி வெச்ச பட்டியலுக்கு வர்றேன். உங்க மாமா ஒருத்தரு போன் போட்டு, "டெக்கை மொதல்ல எழுதுங்க, அங்கதான் எடம் எச்சு, தப்பாமக் கெடைக்கும்"னு ரோசனை சொன்னாரல்ல? அங்கெ பாரு, உங்கப்பா நிக்கற வரிசையை. முன்னால நிக்கறவன் கேட்டது இருந்தா வாங்கிக்கறான், தீந்து போயிருந்தா அடுத்ததைக் கேக்கறான். அவன் நகந்தாத்தான் பின்னாடி இருக்கறவனுக்கு மொறை. வரிசையில உன்ற எடத்தை நிறுத்தறது மார்க்கு மட்டும். இட்லியை மொதல்ல கேட்டேன்னு ஒருத்தனையும் முன்னால உடமாட்டாங்க. வடை வேணும்னு மனசுல வெச்சுட்டு, பயந்துக்கிட்டு இட்லின்னு எழுதுனா, வடை மீந்திருந்தாலும் உன்ற தட்டுல இட்லிதான் உழுகும். ஸ்டைவசன்ட்டுக்குக் கொஞ்ச வருசமா 800-க்கு 560-ஐ ஒட்டி வேண்டியிருக்குது. வராட்டி ரெண்டாவதைப் பாப்பாங்க, அவ்வளவுதான். ஆசைப்பட்ட வரிசையில எழுது, போகப் புடிக்காததை எழுதவே எழுதாதெ. இதுல தந்திரம் பண்றேங்கறவன், டோக்கன் வாங்காமத் தட்டை நீட்டறவன்.

"மார்க்குத் தராசுக்குக் கண்ணில்லீங்க மாமா"ங்கறாரு உங்கப்பா. இருக்கட்டும். 2019-ல ஸ்டைவசன்ட்டு எடங்குடுத்த 895 பேருல கறுப்பினப் புள்ளைக ஏழே பேருன்னு நீதான படிச்சுச் சொன்னெ? ரெண்டு வேசகாலம் பூராம் டியூசனுக்குக் காசு கட்டுனவனுக்கு மட்டும் அந்தத் தராசு எப்பிடியோ கண்ணைத் தொறந்து பாக்குதே! அந்த டியூசன் சென்டர்ல எனக்கு ஒரு டீ குடுத்தாங்க, அதுல சக்கரைகூட இல்லெ.

இன்னொண்ணும் நீ படிச்சுக் காட்டுனெ. அதையத்தான் நான் மூணு நாளா மென்னுக்கிட்டிருக்கறேன். ஆங்கிரிஸ்டு, பதக்குன்னு கணக்குப் புலிக கூட்டுச் சேந்து 2014-ல எழுதுனது. பாஸ்டன்லயும் நியூயார்க்குலயும் எல்லைக்கோட்டுக்கு அரை மார்க்கு இக்கட்டால நின்னு எடங் கெடச்ச புள்ளையையும், அக்கட்டால நின்னு தவறுன புள்ளையையும் பின்னாடியே போயிப் பாத்தாங்களாமா. பரீட்சை மார்க்குல பெருசா ஒரு வித்தியாசமும் இல்லெ. அந்த ஆங்கிரிஸ்டுக்கு 2021-ல நோபலே குடுத்தாங்க, வேற வேலைக்கு. கோட்டுப் பக்கத்துல நின்னவங்களுக்குத்தான் இந்தக் கணக்கு, எல்லாத்துக்கும்னு அவங்களும் சொல்லுலெ. ஆனா உங்கப்பாவுக்குத் தூக்கத்தைக் கெடுக்கறது அந்தக் கோடுதான? இதைய அவர்கிட்டச் சொல்லலாம்னு வாயெடுத்தேன், மறுபடியும் வெளக்கை அணைச்சுட்டாரு.

நீ ஒரு வேலை பண்ணு. பள்ளிக்கொடத்துக்காரங்க கதவு தொறந்து உட்டு, சந்தனங் கொடுக்காத குறையாக் கூப்புடற நாள்ல போகாதெ. அன்னிக்குக் கொம்புக்குச் சாயம் பூசித்தான் நிறுத்தியிருப்பாங்க. சும்மா ஒரு செவ்வாக்கெழமை, பள்ளி உடற நேரத்துக்கு அம்மாவோட போயி எதுத்தாப்புல நில்லு. வெளிய வர்ற புள்ளைக ஒருத்தரோடொருத்தர் பேசிச் சிரிச்சு வர்றாங்களா, எல்லாம் தூங்கி வழிஞ்சு வர்றாங்களான்னு பாரு. வர்றப்ப ரயில்ல நின்னுக்கிட்டே வா, உக்காராதெ. மாட்டுக்குப் பல்லுப் பாக்கறதுன்னா இதுதான். இதே ஃப்ளஷிங்குல டவுன்சென்ட் ஹாரிஸ்னு ஒண்ணு இருக்குதே, அதுக்கு இந்தப் பரீட்சையே வேண்டாம், உன்ற வகுப்பு மார்க்கைப் பாத்து எடுப்பாங்க. அங்கெயும் நில்லு. மார்ச்சுல ரெண்டு பக்கமும் கெடச்சா, அப்ப உனக்கு ரோசிக்க ஏதாச்சும் கையில இருக்கும்.

உங்கப்பா தட்டோட வர்றாரு. வாங்க மாப்ளெ, உக்காருங்க. புள்ளைக்கு ஊர்க் கதை சொல்லிட்டிருந்தனுங்க, ஒரு காளை மாட்டுக் கதை. வடை தீந்து போச்சுங்களா? அடடா.

கண்ணு, ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருக்கற அந்தப் பட்டியல்ல மொத எடத்தை நான் ரப்பர் வெச்சு அழிச்சுட்டேன். பென்சில் உன்ற பைக்குள்ள இருக்குது. உங்கப்பா கேட்டாக் குடுத்தறாதெ.