சுழல்தகட்டுத் தூண்டில்: ஓர் ஆய்வு நோக்கு

ஸ்பின்னர் எனப்படும் சுழல்தகட்டுத் தூண்டிலில் ஒரு கம்பி, அதைச் சுற்றிவரும் ஒரு தகடு, இரண்டொரு மணி, வால்பக்கம் மூன்று முனைக் கொக்கி ஆகியவை உண்டு. பார்வைக்கு இது பூச்சியும் அன்று, மீன்குஞ்சும் அன்று. இந்தக் குறையை மீன்கள் இதுவரை பெரிதுபடுத்தவில்லை.

இதன் தோற்றம் பற்றி வழங்கும் வரலாறு பின்வருமாறு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜூலியோ பூயல் என்பவர் படகில் அமர்ந்து சாப்பிடும்போது ஸ்பூன் கைநழுவி ஏரியில் விழுந்தது. ஒரு பெரிய மீன் பாய்ந்து அதைக் கவ்வியது. ஸ்பூன் கிடைக்கவில்லை. மீன் வாக்குமூலம் தரவில்லை. எஞ்சிய ஒரே சாட்சி, பிற்பாடு அத்தகைய தூண்டில்களைச் செய்து விற்றவர். ஆயினும் 1852-இல் அவர் பெற்ற காப்புரிமை ஐயத்துக்கு அப்பாற்பட்டது; அதனால் ஸ்பூனையும் நம்பிவிடுவதே துறையின் வழக்கம்.

தகடுகளில் கொலராடோ அகன்று உருண்டது. கம்பியை விட்டு விலகி மெதுவாகச் சுழன்று நீரை நன்றாக அதிரவைக்கும். வில்லோ இலை ஒடுங்கியது. கம்பியை ஒட்டி விரைந்து சுழன்று மின்னும். முடிவெடுக்கத் தயங்குவோர்க்கு இரண்டுக்கும் நடுவே இண்டியானா உண்டு. மீனின் விலாவில் ஓடும் பக்கக்கோடு அதிர்வை உணரும் உறுப்பு. ஆகையால் கலங்கல் நீருக்குக் கொலராடோவும், தெளிந்த நீருக்கு வில்லோவும் பரிந்துரைக்கப்படுகின்றன. சுழற்சியால் தூண்டில் நரம்பும் சேர்ந்து முறுக்கேறும். சிக்கெடுப்பதில் கழியும் மாலைப்பொழுது வீட்டில் மீன்பிடித்த நேரமாகவே கணக்குக் காட்டப்படுகிறது.

1938-இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஆந்த்ரே மெல்னார் உருவாக்கிய மெப்ஸ் இவ்வினத்தின் செவ்வியல் வடிவம். அமெரிக்காவில் அதன் கொக்கிக்கு அணில்வால் மயிர் கட்டும் முறை வந்தது. இதற்காக மெப்ஸ் நிறுவனம் வேட்டைக்காரர்களிடமிருந்து வால்களை விலைக்கு வாங்குகிறது. ஆயுளில் ஓர் அணிலையும் பார்த்திராத ட்ரவுட் மீனுக்கு அதன் வால்மேல் ஏன் இத்தனை ஆசை என்பது விரிவான ஆய்வுக்குரியது.

சேகரிப்பியல் இதன் தனிக்கிளை. ரைலி ஹாஸ்கல் 1859-இல் காப்புரிமை பெற்ற, பின்பகுதி சுழலும் உலோக மீன் ஸ்பின்னருக்கு நெருங்கிய உறவு. அதன் பெரிய மாதிரி ஒன்று 2003-இல் 1,01,200 டாலருக்கு ஏலம் போனது. இக்கிளையில் மெருகு குலையாமை, மூல அட்டைப்பெட்டி ஆகியவை விலையை ஏற்றும். கீறல், துரு, பற்குறி ஆகியவை இறக்கும். அதாவது மீன் பிடித்ததற்கான சான்று எதுவும் தூண்டிலுக்கு இழுக்காகும். திறமையால் பெட்டியைவிட்டு வெளியேறியவை தேய்ந்தும், பாறையிடுக்கில் சிக்கியும் மறைந்தன. கடையில் விலைபோகாமல் கிடந்தவையே இன்று கண்ணாடிப் பேழையில் வீற்றிருக்கின்றன. மீன்தான் வேண்டும் என்போர் கடையில் புதிய ஸ்பின்னர் ஒன்றை வாங்கிக்கொள்வதே சிக்கனம்.