தொழுவுல கட்டுன சொல்லு

வாலே பேராண்டி, உக்காரு. "லைஃப் ஸ்டால் ஆயிருச்சு"ன்னு ஊரெல்லாம் சொல்லித் திரியுதியாமே? முப்பது வருசம் பிள்ளைகளுக்கு இங்கிலீசு சொல்லிக்கொடுத்துட்டு, இப்ப ரெண்டு மாட்டுக்குச் சாணி அள்ளுதவன் நான். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்ல என்னைவிடத் தோதான ஆளு இந்தச் சுத்துப்பட்டுல கெடையாது. ஏன்னா, ஸ்டால்னா மாட்டுத்தொழு!

பழைய இங்கிலீசுல அதுக்கு 'நிக்குத எடம்'னு அர்த்தம். மாடு நிக்குத எடம் தொழு ஆச்சு. 15-ஆம் நூற்றாண்டு வாக்குல, சேத்துல பொதஞ்சு நின்ன குதிரைக்கும் வண்டிக்கும் அதே சொல்லைச் சொன்னான். பொறவு மோட்டார் வந்துது. கிளச்சை வெடுக்குன்னு விட்டா உன் பைக்கு ரெண்டு குதி குதிச்சு உசிர விடுதே, அதுவும் ஸ்டால்தான். மாட்டை அவுத்துட்டு எஞ்சினைக் கட்டிட்டான். கயிறு அதே கயிறு.

ஆனா ஏரோப்ளேன் சங்கதிதான் ஒனக்குப் பொருத்தம். அதுல ஸ்டால்னா எஞ்சின் நின்னுபோச்சுன்னு அர்த்தமில்லலே. எஞ்சின் நல்லாவே ஓடும். மூக்கை அளவுக்கு மேல தூக்கிட்டா, காத்து றெக்கையோட ஒட்டாமப் பிரிஞ்சு போயிரும். தாங்க ஆளில்லாம ப்ளேன் கீழ எறங்கும். ஜெர்மனியில ஓட்டோ லிலியென்தால்னு ஒரு பெரிய மனுசர், கிளைடர்ல அத்தனை தடவை பறந்த கைகாரர். 1896 ஆகஸ்டு 9-ல இப்படித்தான் சுமார் 15 மீட்டர் உசரத்துல இருந்து விழுந்தார். மறுநாள் போய்ச் சேந்துட்டார். இதுக்கு வைத்தியம் என்ன தெரியுமா? மொதல்ல மூக்கைத் தாழ்த்தணும். "சின்ன வேலைக்கெல்லாம் போகமாட்டேன்"ங்கியே, அந்த மூக்கை.

இன்னொரு ஸ்டாலும் உண்டுலே. எழுத்து ஒண்ணு, வந்த வழி வேற. மத்த பறவைகளை ஏமாத்த, கண்ணிப் பக்கத்துல பழக்குன பறவை ஒண்ணைக் கட்டிவைப்பானே, அதுக்குப் பேரு அது. பொறவு, பிக்பாக்கெட்டுக்காரனுக்குத் தோதா பராக்குக் காட்டுத கூட்டாளிக்கும் அந்தப் பேரு ஒட்டிக்கிட்டு. சாக்குச் சொல்லி நாளைக் கடத்துததுக்கு ஸ்டால்னு வந்தது அந்த வழியிலதான்.

இப்பச் சொல்லு, ஒனக்கு வந்தது எந்த ஸ்டால்? முந்தாநாள் தொழுவக் கூட்டச் சொன்னதுக்கு "நெட்டு வரல தாத்தா"ன்னியே. வெளக்குமாத்துக்கு எதுக்குலே நெட்டு?

நம்ம செவலையப் பாரு. பொறந்ததுல இருந்து ஸ்டால்லதான் நிக்குது. ஒருநாளாவது பொலம்பிச்சா? வேளைக்குப் பாலைக் கொடுத்துட்டு அது பாட்டுக்கு அசைபோடுது. எந்திரி, வெளக்குமாறு அந்தா இருக்கு. குனிஞ்சு கூட்டு. மூக்கு தானாத் தாழும்.