தறி வாங்கப் போற பேராண்டிக்கு

வாடா ராசா, இப்படி உட்காரு. பூநாரை பார்க்க வர்ற பட்டணத்துக்காரங்களுக்குப் பழவேற்காட்டுல கடை போடப் போறியாமே? பழைய குழித்தறி ஒண்ணு வாங்கிச் சுவத்துல மாட்டப் போறியாமே? பேஷ். ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். குழித்தறியில பாதி வேலை நடக்கிறதே நெசவுக்காரன் கால் தொங்கவிடுற குழியிலதான். அந்தக் குழியை எந்த ஆணியில மாட்டுவ?

குழிக்குள்ள ரெண்டு மிதிகட்டை இருக்கும். ஒண்ணை மிதிச்சா நூலைத் தூக்குற விழுது ஏறி, பாவு நூல் மேலயும் கீழயுமா பிரியும். நடுவுல ஊடை நூலோட நாடா ஓடும். ஓடினதும் பண்ணைங்கிற சீப்பு வந்து அந்த ஊடை நூலை டக்குன்னு நெருக்கும். மறு கட்டையை மிதி, மேலது கீழ வரும். பாவு தரை ஈரத்தை ஒட்டியே இருக்கிறதால நூல் காஞ்சு அறாது. நாடாவைக் கையால எறிஞ்ச காலத்துல ரெண்டு கை எட்டுற அகலம்தான் துணி. கயித்தை இழுத்தா பறக்குற நாடாவை 1733-ல இங்கிலாந்துக்கார ஜான் கே கண்டுபிடிச்சான். நம்ம பக்கம் அது வந்து சேர நூத்தைம்பது வருசத்துக்கு மேல ஆச்சு, நம்ம ஊருக்கு ரோடு வந்த மாதிரி.

தறியில உட்கார்றதெல்லாம் கடைசி வேலைடா. அதுக்கு முன்னால விடியக்காலையில தெரு நீளத்துக்குப் பாவை நீட்டி, கஞ்சி போட்டு, வெயில் ஏறுறதுக்குள்ள நாலு பேர் சேர்ந்து நீவி முடிக்கணும். நீ பல்லு விளக்குறதே பத்து மணிக்கு.

டச்சுக்காரன் 1613-ல இங்க கெல்ட்ரியா கோட்டை கட்டினானே, நம்ம இறால் ருசிக்கா? துணிக்குடா! இந்தக் கரைத் துணியைக் கப்பல்ல ஏத்தி, கிழக்கே தீவுகள்ல கொடுத்து, கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினான். லாபம் அவனுக்கு, கால்வலி நெசவுக்காரனுக்கு. இப்ப சுவத்துத் தறியோட போட்டோ உனக்கு.

நான் நெசவுக்காரன் இல்ல, வலைக்காரன். என் ஆயுதம் சின்னது. மூங்கில் ஊசி, நடு நாக்குல நூலைச் சுத்திக்கணும். கண்ணி அளவுக்கு ஒரு மூங்கில் பத்தை. நூல் வலையா இருந்தப்போ மரப்பட்டைச் சாயத்துல ஊறப்போடுவோம், இல்லேன்னா உப்புத்தண்ணியில இத்துப் போயிடும். நைலான் வந்தது, மிஷின் வலை கிலோ கணக்குல கிடைக்குது, இப்ப ஊசிக்குக் கிழிசல் பார்க்கிற வேலைதான்.

தறிதான் வேணும்னா அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டைப் பக்கம் போ. கைத்தறி ஓடுற வீடாப் பார்த்து ஒரு வாரம் குழியில உட்காரு. திரும்பி வந்தும் ஆசை இருந்தா பணம் நான் தர்றேன். இல்லேன்னா என் வலை ஊசியை மாட்டிக்கோ. சாயங்காலம் கழட்டித் தந்துடணும், அது இன்னும் சம்பாதிக்குது.