நேரே போனால் பெர்த்

"பெர்த்துல சித்தப்பா வீட்டுக்கு ஒரு நடை போயிட்டு வருவோமா மாமா? ஒரே ரோடுதான்" என்றார் மருமகன். அடிலெய்டில் மகள் வீட்டுக்கு வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. ஒரே ரோடு என்றதும் ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டை போகிற மாதிரி நினைத்துத் தலையாட்டிவிட்டேன். சுமார் 2,700 கிலோமீட்டர் என்பது கார் கிளம்பிய பிறகு தெரிந்தது. திருநெல்வேலியிலிருந்து டெல்லிக்குக் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும். அங்கே போகிறவன் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டாவது போவான். இவர்கள் இரண்டு தண்ணீர்க் கேனைப் பின்னால் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள்.

நம் பக்கத்தில் தூரத்தை டீக்கடையால் அளந்துவிடலாம். மூணாவது கடை வந்தால் கயத்தாறு. இங்கே ஒரு பெட்ரோல் பங்கை விட்டால் அடுத்தது 180, 190 கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். அந்த ஒற்றைக் கட்டடமே பங்கு, ஓட்டல், லாட்ஜ், ஊர் எல்லாம். வரைபடத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்களே என்று ஆசையாக இறங்கினால், மக்கள்தொகை கல்லாவில் நின்றுகொண்டிருக்கும்.

சமவெளியின் பெயர் நல்லார்போர். நல்லார் யாரோ இருக்கிறார்கள் என்று தோன்றியது. லத்தீனில் 'மரம் இல்லை' என்று அர்த்தமாம். பொய் சொல்லவில்லை.

அன்று சனிக்கிழமை. காலை பத்தரைக்கு ராகு காலம் முடிந்ததும் என் மனைவி பெருமூச்சு விட்டாள். ஐந்து நிமிடத்தில் மேற்கு ஆஸ்திரேலிய எல்லை. அங்கே கடிகாரத்தை முக்கால் மணி பின்னால் தள்ளி வைக்க வேண்டும் என்றார் மருமகன். சட்டத்தில் இல்லாத நேரம். அந்தப் பக்கத்து ஐந்தாறு பங்குக்காரர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டது. மணி 9.50 ஆனது. "போன ராகு காலம் திரும்பி வருமா?" என்று அவள் கேட்டதற்கு எங்கள் மூவரிடமும் பதில் இல்லை.

எல்லையில் அதிகாரி பாஸ்போர்ட் கேட்கவில்லை, எலுமிச்சம்பழம் கேட்டார். பழம், காய், தேன் எதையும் உள்ளே விடமாட்டார்களாம், பூச்சி வந்துவிடுமாம். கறிவேப்பிலையும் போயிற்று. ஒரே நாட்டுக்குள் இப்படியா என்று புலம்பினேன். "ரயில் கதை தெரியாதா மாமா? ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு அகலத்துல தண்டவாளம் போட்டாங்க. சிட்னி, மெல்போர்ன் நடுவுல 1962 வரைக்கும் ஆல்பரியில இறங்கி வேற ரயில் மாறணும்." மீட்டர் கேஜில் வளர்ந்தவனுக்கு இதைக் கேட்க ஒரு ஆறுதல்.

பிறகு வந்தது அந்த நேர்கோடு. 146.6 கிலோமீட்டருக்கு ரோட்டில் ஒரு வளைவு கிடையாது. திருநெல்வேலியிலிருந்து கிட்டத்தட்ட மதுரை வரைக்கும் ஸ்டியரிங்கைத் திருப்பாமல் போவதை நினைத்துப் பாருங்கள். வடக்கே ஓடும் ரயில் பாதை இதையும் தோற்கடித்து 478 கிலோமீட்டர் நேராகப் போகிறதாம். சில இடங்களில் ரோட்டிலேயே விமான ஓடுபாதைக் கோடு போட்டிருக்கிறது. பறக்கும் டாக்டர்கள் நோயாளியை ஏற்ற இறங்குவார்கள். லாரிக்கு வழி விட்டிருக்கிறேன், ஆட்டுக்கு விட்டிருக்கிறேன். விமானத்துக்கு எந்தப் பக்கம் ஒதுங்குவது?

லாரி என்றேனா, அதற்கு இங்கே ரோடு டிரெயின் என்று பெயர். நாங்கள் பார்த்ததெல்லாம் குட்டியாம், வடக்கே 53.5 மீட்டர் வரைக்கும் உண்டாம். முந்த ஆரம்பித்தபோது சொன்ன முருகா, முடிந்தபோது அரோகராவில் நின்றது. பொழுது சாய்ந்தால் கங்காரு குறுக்கே பாயும் என்று மருமகன் வண்டியை எடுக்கவே மாட்டார்.

எதிரே வண்டி வருவது அபூர்வம். வந்தால் ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார். அதுதான் வணக்கம். முதல் நாள் முழுக் கையையும் ஆட்டி, "ஆபத்துன்னு நெனச்சு நிறுத்திடுவாங்க மாமா" என்று திட்டு வாங்கினேன். பெர்த் வருவதற்குள் ஒற்றை விரல் கைவந்துவிட்டது.

ஊர் திரும்பிய மறுநாள் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஸ்கூட்டரில் போகும்போது, எதிரே வந்த டவுன் பஸ் டிரைவருக்குத் தன்னால் விரல் எழும்பியது. அவர் ஐந்து விரலையும் விரித்து, "என்னவே?" என்றார்.