மச்சினன் எஞ்சின் ரூமில் இருக்கிறான்

தமிழ்நாட்டில் கேப்டன் என்றால் விஜயகாந்த் ஒருவர்தான். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் அப்படியில்லை. ஆர்டன்வுட் தொடங்கி வார்ம் ஸ்பிரிங்ஸ் வரை தெருவுக்கு ஒரு கேப்டனாவது தேறுவார். பகலில் இவரைக் கண்டுபிடிக்க முடியாது. எல்லோரையும் போல 880 நெடுஞ்சாலையில் ஊர்ந்து ஆபீஸ் போவார்; மிஷன் பீக் உச்சியில் இருக்கும் கம்பத்தைக் கட்டிக்கொண்டு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார்; பிள்ளையைத் தமிழ்ப் பள்ளியில் இறக்கிவிட்டுக் காரிலேயே ஒரு தூக்கம் போடுவார். ராத்திரி பத்தரைக்கு மேல், பாத்திரமெல்லாம் டிஷ்வாஷரில் ஏறிய பிறகு, காரேஜில் விளக்கு எரியும். அதற்கப்புறம் அவர் விண்கலத் தளபதி.

கார் வெளியே பனியில் நிற்கும். உள்ளே காஸ்ட்கோ டிஷ்யூ மலை, பொன்னி அரிசி மூட்டை, ஏர்லைன் சீட்டு கிழிக்காத சூட்கேஸ்கள். இவற்றின் நடுவே ஒரு சுழல் நாற்காலி, அதன் எதிரே அண்டவெளி.

ஆடுவது எஃப்டிஎல். ஜஸ்டின் மா, மேத்யூ டேவிஸ் என்ற இரண்டு பேர் உருவாக்கி 2012-இல் வெளியிட்ட விளையாட்டு. கிக்ஸ்டார்ட்டரில் 10,000 டாலர் கேட்டார்கள். 2 லட்சத்துக்கு மேல் வந்து விழுந்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் காபிக்கு முன்பே கேப்டன் இதைச் சொல்லிவிடுவார். சொந்த ஸ்டார்ட்அப் யோசனை ஒன்று பதினைந்து வருஷமாக அவருடைய கூகுள் டாக்ஸில் தூங்குகிறது.

கப்பலை மேலிருந்து பார்க்கிற மாதிரி திரை. சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆள். தொடக்கத்தில் கெஸ்ட்ரல் கப்பலில் மூன்று மனிதர்கள். போகப் போக எட்டுப் பேர் வரை சேர்க்கலாம். மனிதனுக்கு உயிர் 100. பாறை மனிதனுக்கு 150, தீ சுடாது, நடைதான் அரசாங்க ஃபைல் வேகம். பூச்சி இனத்து மான்டிஸ் சண்டையில் புலி, ரிப்பேரில் சோம்பேறி. எஞ்சி இனம் அதற்கு நேர் எதிர். மேம்படுத்தாத பைலட் அறையில் ஆளில்லையென்றால் எதிரியின் குண்டு ஒன்றைக்கூட கப்பல் தட்டிக்கழிக்காது. ஆகவே யாரை எங்கே நிறுத்துவது என்பதே ஆட்டம். நெருக்கடி வந்தால் ஸ்பேஸ் பாரைத் தட்டிப் போரை நிறுத்தி, நிதானமாக யோசித்து, ஆளை இடம் மாற்றலாம்.

ஆட்களுக்கு நாமே பெயர் வைக்கலாம் என்பதில்தான் வினை. ஒரு ராத்திரி மனைவி சார்ஜர் தேடிக்கொண்டு காரேஜுக்கு வந்தார்.

"ஏங்க, அது என் தம்பி பேருதானே?"

"சும்மா ஒரு பேரு."

"அவன் இருக்கற ரூம் ஏன் செவப்பா இருக்கு?"

"தீப்பிடிச்சிருச்சு. கதவைத் திறந்து காத்தை வெளிய விட்டாத்தான் அணையும்."

"காத்து போச்சுன்னா அவன்?"

"ஓடி வந்துருவான்."

"உங்க தம்பி எங்க?"

"மெட்பேல. லேசா ஒரு கீறல்."

மறுநாள் சாம்பாரில் உப்பில்லை.

மச்சினனின் துன்பம் அதோடு முடிவதில்லை. வழியில் ராட்சசச் சிலந்திகள் புகுந்த விண்நிலையம் ஒன்று வரும். உதவிக்குப் போனால் ஓர் ஆள் திரும்பாமல் போகலாம். போவது மச்சினன். 2014-இல் வந்த புதிய பதிப்பில் மெட்பே என்ற சிகிச்சை அறைக்குப் பதிலாக குளோன் பே வைத்துக்கொள்ளலாம். செத்தவன் பிழைத்து வருவான், கற்ற வித்தையில் கொஞ்சம் குறைந்திருக்கும். கேப்டன் உடனே வாங்கினார். பாசமெல்லாம் இல்லை, அதே ஆளை மறுபடியும் சிலந்தியிடம் அனுப்பலாமே.

கப்பலின் உடம்பு 30 புள்ளி. அது தீர்ந்தால் கதை முடிந்தது. உடம்பு முழுசாக இருந்து, குளோன் பே இல்லாமல் ஆட்கள் அத்தனை பேரும் செத்தாலும் முடிந்தது. கேப்டனுக்கு மட்டும் கப்பலில் அறையும் இல்லை, உயிர்ப் புள்ளியும் இல்லை, ஆக்ஸிஜன் செலவும் இல்லை. எல்லோரும் போன பிறகு 'புதிய ஆட்டம்' பொத்தானை அழுத்த ஒருவர் மிச்சமிருக்கிறாரே, அவர்தான் கேப்டன். 1966-இல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக்கில் கேப்டன் கிர்க்காவது வேற்றுக் கிரகத்தில் தானும் இறங்குவார். செத்தது என்னவோ கூடப் போன சிவப்புச் சட்டைக்காரர்கள்தான். அந்தக் கதையில் விண்படைத் தலைமையகம் இருப்பது சான்பிரான்சிஸ்கோவில். ஃப்ரீமான்ட்டிலிருந்து பார்ட் ரயிலில் போய்விடலாம் என்பதில் நம்மவருக்குத் தனிப் பெருமை.

சில சனிக்கிழமைகளில் நண்பர்கள் லேப்டாப்போடு கூடி ஆர்ட்டெமிஸ் ஆடுவார்கள். 2010-இல் வந்தது, ஒரே கப்பலை ஆறு பேர் ஓட்டுவது. ஒருவர் சுக்கான், ஒருவர் ஆயுதம், ஒருவர் எஞ்சின், ஒருவர் அறிவியல், ஒருவர் தகவல் தொடர்பு. ஆறாவது ஆள் கேப்டன். அவருக்குப் பொத்தானே கிடையாது. பெரிய திரையைப் பார்த்து "ஸ்டேட்டஸ் என்ன?" என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒருநாள் மகள் வாசலில் நின்று கொஞ்சநேரம் பார்த்தாள். "அப்பா, இது உங்க ஜூம் மீட்டிங்தானே?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஜூமில் அவர் டைரக்டர்தான். ஆனால் ஆட்குறைப்பு வரும்போது பட்டியல் வேறு யாரோ ஒருவருடைய திரையில் தயாராகிறது. அங்கே இவரும் ஓர் அறையில் நிற்கிற ஆள். ஹெச்-1பி விசாக்காரனுக்கு வேலை போனால் 60 நாள். அதற்குள் வேறு கப்பல் ஏறாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். கிரீன் கார்டு வரிசையில் நிற்கிற கேப்டனுக்கு இந்தக் கணக்கு தூக்கத்திலும் மறக்காது. எஃப்டிஎல்லில் இறுதிப் பகைக் கப்பலின் ஆட்களை முழுக்கக் கொன்றுவிடக் கூடாது, ஒருவனையாவது விட்டுவைக்க வேண்டும். எல்லோரும் செத்தால் செயற்கை நுண்ணறிவு கப்பலை எடுத்துக்கொண்டு உடைந்ததையெல்லாம் தானே சரிசெய்துகொள்ளும். முன்பெல்லாம் ஆபீஸ் லஞ்சில் இதை ஜோக்காகச் சொல்லுவார். இப்போது சொல்வதில்லை. உயிர்ப் புள்ளியே இல்லாமல் ஒரு மனிதன் நிம்மதியாக உட்கார ஃப்ரீமான்ட்டில் அந்தச் சுழல் நாற்காலியை விட்டால் வேறு இடமும் இல்லை.

தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு டல்லஸிலிருந்து மச்சினனே வந்து இறங்கினான். அக்கா எல்லாவற்றையும் முன்பே போனில் சொல்லியிருந்தார். சாப்பிட்டதும் நேராகக் காரேஜுக்குப் போனான். சுழல் நாற்காலியில் உட்கார்ந்து புது ஆட்டம் தொடங்கினான். முதல் ஆளுக்கு அத்தான் பெயரை வைத்து எஞ்சின் ரூமில் நிறுத்தினான். இரண்டாவது சண்டையிலேயே எஞ்சின் ரூமில் தீ.

"மெட்பே! மாப்ளே, என்னை மெட்பேக்கு அனுப்பு! ஸ்பேஸ் பாரைத் தட்டுடா!"

"இருங்க அத்தான்," என்று கதவைத் திறந்தான் மச்சினன். "மொதல்ல தீ அணையட்டும்."